ஸ்விண்டன்காரர்களைப் பற்றி

ரெடிங்,
நவம்பர் 9

அன்பு சண்முகம்,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. மதினிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று படித்த பிறகுதான் மற்ற விஷயங்களில் மனசு போயிற்று. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். அடுப்புப் பக்கம் கொஞ்ச நாள் போக வேண்டாம். இங்கே நாங்கள் சுகம். முழங்கால் வலி வந்து வந்து போகிறது, ஆனாலும் காலையில் தேம்ஸ் கரையில் ஒரு நடை போய்விட்டு வந்துதான் காப்பி. மூத்தவள் வேலை மாறி பிரிஸ்டலுக்குப் போய்விட்டாள்.

பீரோவை ஒழிக்கும்போது நான் 1987-ல் பதிந்து கொடுத்த எக்ஸ்.டி.சி. பாப் குழுவின் கேசட் அகப்பட்டது, நாடாவில் பூஞ்சை பிடித்திருக்கிறது, ஆனாலும் தூக்கிப்போட மனசு வரவில்லை என்று எழுதியிருந்தாய். அந்த வரியை மூன்று தடவை படித்தேன். நமக்குள் பத்து வருடம் கடிதப் போக்குவரத்தே இல்லாமல் இருந்ததே, அந்தப் பத்து வருடமும் அது உன் பீரோவில் இருந்திருக்கிறது. "அந்த ஸ்விண்டன்காரர்கள் இன்னும் பாடுகிறார்களா? மேடைக்குப் பயந்தாரே, அவர் இருக்கிறாரா?" என்று கேட்டிருக்கிறாய். இந்தக் கேள்வியை என்னிடம் யாராவது கேட்டே எத்தனை வருடம் ஆயிற்று! அதனால் பதில் நீளமாகத்தான் இருக்கும்.

குழுவின் பாடகர் ஆண்டி பார்ட்ரிட்ஜ் இருக்கிறார். அதே ஸ்விண்டனில்தான். எழுபதைத் தாண்டியாயிற்று. எக்ஸ்.டி.சி. என்ற பெயரில் கடைசி ஆல்பம் வந்தது 2000-ல், அதற்குச் சில வருடத்தில் குழு முடிந்தது. (பெயரை முதலில் கேட்டதும் நீ "நம்ம கே.டி.சி. மாதிரி பஸ் கம்பெனியா?" என்று கேட்டது ஞாபகம் இருக்கிறதா?) ஆனால் மேடைக்குப் பயந்தவர் என்று நாம் அன்றைக்குப் பேசிக்கொண்டது முழுக்கச் சரியில்லை. சிறு வயதிலேயே டாக்டர் எழுதிக்கொடுத்து வருடக்கணக்கில் வேலியம் என்ற மனப்பதற்ற மாத்திரை சாப்பிட்டு வந்தவர் அவர். அதை நிறுத்திய விதம்தான் உடம்பையும் மனசையும் உலுக்கிவிட்டது என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். 1982 மார்ச்சில் பாரிஸ் மேடையில் முதல் பாட்டைத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே மேடையை விட்டு உள்ளே போய்விட்டார். அப்போதுதான் 'இங்கிலிஷ் செட்டில்மென்ட்' ஆல்பம் வெளிவந்து இங்கிலாந்துப் பட்டியலில் ஐந்தாம் இடம் வரை ஏறியிருந்தது. அதிலிருந்த ஒரு பாட்டு பத்தாம் இடத்துக்கு வந்தது. அவர்கள் வாழ்நாளில் தொட்ட உச்சம் அதுதான். அடுத்த மாதம் அமெரிக்கா போனார்கள். சான் டியேகோவில் ஒரு கச்சேரி நடந்தது. மறுநாள் ஹாலிவுட் நிகழ்ச்சிக்கு அவரால் எழுந்திருக்கவே முடியவில்லை. அதோடு சுற்றுப்பயணம் நின்றது, திரும்பத் தொடங்கவே இல்லை.

நாம் இந்த ஊருக்கு வந்தது 1986-ல். அதாவது அவர்கள் மேடையை விட்டு நான்கு வருடம் ஆன பிறகு. ஆகவே நமக்குக் கிடைத்தது இசைத்தட்டு மட்டும்தான். இத்தனை வருடம் கழித்து யோசிக்கிறபோது அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிகிறது, சண்முகம். மற்ற குழுக்களின் ரசிகர்கள் அரங்கத்தில் பார்த்ததைப் பேசுவார்கள். நமக்குப் பேச இருந்ததெல்லாம் காதில் விழுந்தது மட்டும். ஆக்ஸ்ஃபோர்டு ரோடு வீட்டில் மீட்டரில் போட்ட ஐம்பது பென்ஸ் காசு தீர்ந்து ஹீட்டர் அணைந்த பிறகும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் போடுவோமே, அப்படிக் கேட்டவர்கள்தான் இவர்களுடைய ரசிகர்கள் எல்லோரும். டோக்கியோவில் இருந்தாலும் டொரன்டோவில் இருந்தாலும் அப்படித்தான். கனடாவில் 'தி லிட்டில் எக்ஸ்பிரஸ்' என்று ரசிகர்களே ஒரு சின்னப் பத்திரிகை நடத்தினார்கள். அதில் ஒரு பாட்டின் நடுவில் வருகிற பேஸ் கிட்டார் நாலு சுரத்தைப் பற்றிக்கூட ஒருவர் எழுதுவார், ஒருவர் மறுப்பார். கண்ணுக்கு எதுவும் கிடைக்காதபோது காது எவ்வளவு கூர்மையாகிறது என்பதை இவர்களிடம்தான் பார்த்தேன்.

நீ பேஸ் கிட்டார் வாசித்துப் பாட்டும் எழுதிய கொலின் மோல்டிங் கட்சி, நான் ஆண்டி கட்சி. அந்தச் சண்டை உலகம் முழுக்க நடந்துகொண்டிருந்தது என்று அப்போது நமக்குத் தெரியாது. இப்போது ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: நைஜல் பாட்டு கொலினுடையது, அந்தக் குழுவில் எனக்கு மிக நெருக்கமான பாட்டும் அதுதான். 1979-ல் வந்தது, பதினேழாம் இடம். மகனுக்கு இரும்பு ஆலையில் வேலை ஏற்பாடு செய்கிற பெற்றோர்தான் பாட்டு முழுக்கப் பேசுகிறார்கள். அவனுக்கு என்ன பிடிக்கும், அவன் சந்தோஷமாக இருக்கிறானா, எல்லாம் அவர்களே சொல்கிறார்கள். நைஜல் வாயைத் திறப்பதே இல்லை. டெர்ரி சேம்பர்ஸின் டிரம்ஸைக் கவனி: சிம்பல் என்ற தாம்பாளத்தில் விழ வேண்டிய சின்னத் தட்டெல்லாம் பெரிய தோல்வாத்தியத்தில் விழுகிறது, ஆலைக்குள் ஏதோ இயந்திரம் ஓயாமல் அடித்துக்கொண்டிருப்பதுபோல. என் அப்பா சர்வீஸ் கமிஷன் பாரத்தைத் தானே பூர்த்தி செய்து, கையெழுத்துப் போட மட்டும் என்னைக் கூப்பிட்டாரே, அந்த மத்தியானத்தை ஸ்விண்டனில் இருக்கிற ஒருவர் எப்படி அறிந்தார் என்று நான் உன்னிடம் கேட்டேன். "எல்லா ஊரிலேயும் அப்பாமார் இருக்காங்கல்லா" என்று நீ சொன்னாய். அப்பா போய் இருபது வருடம் ஆகிறது. இப்போது கேட்டால் அந்தப் பெற்றோரின் குரலில் இருக்கிற பாசமும் கேட்கிறது. அன்றைக்கு அது கேட்கவில்லை.

ஸ்விண்டன் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரெடிங்கிலிருந்து அரை மணி நேரம், வழியில் சன்னலைப் பார்த்தால் வயலும் புல்வெளியும்தான். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் பட்டறையைச் சுற்றி வளர்ந்த ஊர் அது. நாம் இங்கே வந்த அதே 1986-ல்தான் பட்டறையை இழுத்து மூடினார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்னால் இவர்கள் போட்ட 'தி பிக் எக்ஸ்பிரஸ்' ஆல்பத்தின் உறையை ரயில் எஞ்சின் சக்கரம்போல வட்டமாகவே வெட்டியிருந்தார்கள். லண்டனுக்கு இடம் மாறாமல், ஆண்டி தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையிலேயே பாட்டுகளின் முதல் மாதிரியைப் பதிந்தார். சம்பளம் போதாத கணவன், கல்யாண நாள், மழை, விவசாயக் கூலி வாங்கும் பையனின் காதல் என்று அந்தத் தெருவில் நடப்பதையே பாடினார்கள். சொந்த ஊரை இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்த பாப் குழு வேறு எனக்குத் தெரிந்து இல்லை. திருநெல்வேலி ஜங்ஷனையும் வண்ணார்பேட்டையையும் விட்டுவிட்டு வந்திருந்த நமக்கு அதனால்தான் அது ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன்.

சரி, உன் கேசட்டில் இருப்பது 'ஸ்கைலார்க்கிங்'. 1986-ல் வந்தது. அதைப் பற்றி நீ அறிய வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. அமெரிக்காவில் டாட் ரண்ட்கிரன் தயாரித்தது என்பது உனக்குத் தெரியும். பாட்டுகளை எந்த வரிசையில் கோர்ப்பது என்பதை முன்கூட்டியே அவர் முடிவு செய்துவிட்டார். கோடைப் பகலில் பூச்சிகளின் ரீங்காரத்தில் தொடங்கி, காதல், கல்யாணம், குடும்பக் கவலை, சாவு என்று போய், குளிர்காலத்துத் தீயில் முடிகிறது. ஆண்டிக்கும் அவருக்கும் ஒத்துப்போகவே இல்லை. கொலின்கூட நடுவில் கோபித்துக்கொண்டு விலகினார், பிறகு சமாதானமாயிற்று. அவ்வளவு மனத்தாங்கலுக்கு நடுவில் இப்படி ஒரு அமைதியான தட்டு எப்படி வந்தது என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். வரிசையைப் பொறுத்தவரை ரண்ட்கிரன் சொன்னதுதான் சரி. ஆண்டி கட்சிக்காரன் நான் இதைச் சொல்கிறேன். இன்னொன்று: கடவுளுக்கு ஒரு குழந்தை எழுதும் கடிதமாக ஆண்டி எழுதிய பாட்டை முதலில் ஆல்பத்தில் சேர்க்கவே இல்லை. கொலினின் 'கிராஸ்' சிங்கிளின் மறுபக்கத்தில் போட்டார்கள். அமெரிக்க வானொலிக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். கடைசியில் அங்கே ஆல்பத்துக்குள்ளேயே அதற்கு இடம் கொடுக்க வேண்டியதாயிற்று.

இப்போது அந்தச் செய்திக்கு வருகிறேன். இந்தத் தட்டில் சத்தம் ஏனோ மெலிந்திருக்கிறது, பேஸ் அடியில் நிற்கவில்லை என்று நீ எப்போதும் சொல்வாய். என் ஸ்பீக்கரைக் குறை சொல்கிறாய் என்று எனக்கு வருத்தமாக இருக்கும். சண்முகம், நீ சொன்னதுதான் சரி. 2010-ல் மறுபடி தட்டாக வெட்டுவதற்காக மூல நாடாவை எடுத்தபோது, மாஸ்டரிங் செய்த ஜான் டென்ட் என்பவர் கண்டுபிடித்தார்: பதிவு செய்யும்போதோ கலக்கும்போதோ எங்கோ ஒரு இணைப்பில் பிளஸ் மைனஸ் இடம் மாறியிருக்கிறது. ஸ்பீக்கர் கூம்பு முன்னால் தள்ள வேண்டிய நேரத்தில் பின்னால் இழுத்திருக்கிறது. இருபத்துநாலு வருடம் உலகம் முழுக்க அப்படியே கேட்டிருக்கிறார்கள். திருத்தியதைக் கேட்டபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். குழுவின் கிட்டார்காரர் டேவ் கிரிகரி 'ஆயிரம் குடை' பாட்டுக்கு எழுதிய வயலின்கள் இருக்கிறதே, அவை அறைக்குள் வந்து நின்றன. கொலினின் பேஸ் தரையில் ஊன்றி நடக்கிறது. உடனே உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. அப்போது உன் முகவரி என்னிடம் இல்லை.

1992-க்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'நான்சச்' ஆல்பம் வந்த பிறகு இசைத்தட்டுக் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தம் நியாயமாக இல்லை என்று சொல்லி இவர்கள் ஸ்டூடியோவுக்கே போக மறுத்துவிட்டார்கள். வேலைநிறுத்தம்தான். ஏழு வருடம் புது ஆல்பம் இல்லை. விடுதலை கிடைத்து 1999-ல் 'ஆப்பிள் வீனஸ்' வந்தபோது முதல் பாட்டே சொட்டுத் தண்ணீர்ச் சத்தத்தில் தொடங்கியது. அதன்மேல் நரம்பு வாத்தியங்களை விரலால் சுண்டுகிறார்கள், பிறகு ஊதுகுழல்கள், ஒவ்வொன்றாகச் சுற்றிச் சுற்றி வந்து சேர்கின்றன. கார் ஓடுகிற சாலையெல்லாம் பூ ஆறாக மாற வேண்டும் என்று ஆண்டி பாடுகிறார். ஏழு வருடம் வாயைக் கட்டியிருந்தவர் பாடுகிற பாட்டு அது. கேட்டால் தெரியும். அந்த ஆல்ப வேலையின் நடுவில் டேவ் கிரிகரி விலகிவிட்டார். எனக்கு அது இன்னும் ஆறாத வருத்தம்.

இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்றுதான் முக்கியமாக இந்தக் கடிதம். 2018-ல், நம் தொடர்பு விட்டுப்போயிருந்த காலத்தில், பழைய குழுவிலிருந்து கொலினும் டெர்ரியும் மட்டும் சேர்ந்து ஸ்விண்டன் ஆர்ட்ஸ் சென்டரில் சில நாள் கச்சேரி செய்தார்கள். 1982-க்குப் பிறகு கொலின் ஒரு முழுக் கச்சேரிக்கு மேடை ஏறியது அப்போதுதான். முப்பத்தாறு வருடம்! எனக்கு ஒரு டிக்கெட் கிடைத்தது. சின்ன அரங்கம், நம் ஊர்ப் பள்ளிக்கூட ஹால் அளவுதான். வாசலில் ஜப்பானிலிருந்து வந்த கணவன் மனைவி, அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு பெரியவர், எல்லோரும் அறுபது வயதுக்காரர்கள், தெரியாதவர்களிடம் சிரித்துப் பேசிக்கொண்டு நின்றார்கள். கொலின் வந்து பேஸை மாட்டிக்கொண்டார். நரைத்த தலை. நெருக்கத்தில் பார்த்தால் கொஞ்சம் பதற்றம் தெரிந்தது. டெர்ரி முதல் அடியைப் போட்டதும் என் பக்கத்தில் இருந்த அமெரிக்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் என்னிடம், யாரோடு முதலில் இவர்களைக் கேட்டீர்கள் என்று கேட்டார். பாளையங்கோட்டைக்காரன் ஒருவனோடு, அவன் கொலின் கட்சி, அவன்தான் இங்கே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சொன்னேன்.

மறுநாள் அஃபிங்டன் வெள்ளைக் குதிரைக்குப் போனேன். நீயும் நானும் எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு போனோமே, அதே மேடு. மேட்டுச் சரிவில் சுண்ணாம்பால் வரைந்த மூவாயிரம் வருடத்துக் குதிரை, 'இங்கிலிஷ் செட்டில்மென்ட்' உறையில் இருப்பது. மேலே நின்றால் முழுக் குதிரையும் தெரியாது, ஒரு காலும் வளைந்த முதுகும்தான் தெரியும் என்று நீ ஏமாந்து போனாய். இப்போதும் அப்படித்தான் தெரிந்தது. காற்று பலமாக இருந்தது, மேட்டில் வேறு யாரும் இல்லை.

மூத்தவள் ஜனவரியில் திருநெல்வேலி வருகிறாள். அவளிடம் திருத்திய 'ஸ்கைலார்க்கிங்' சி.டி. ஒன்று கொடுத்தனுப்புகிறேன். மதினிக்குக் கம்பளிச் சால்வையும் வருகிறது. பிளேயர் இல்லாவிட்டால் எழுது, அதையும் சேர்த்து அனுப்புகிறேன். கேசட்டைத் தூக்கிப்போட வேண்டாம். பேஸ் இப்போது சரியாக நிற்கிறதா என்று உன் காதால் கேட்டு எனக்குச் சொல்.

அன்புடன்,
ரவி