சாவி கொடுத்து உயிர் காத்த செய்தி குறித்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வியாழக்கிழமை நம் நாளிதழின் ஐந்தாம் பக்கத்தில், காவலர் ஒருவரின் படத்தோடு வந்த செய்தியைப் படித்தேன். பேருந்து நிலையத்தில் ஓர் இளைஞர் வலிப்பு வந்து விழுந்திருக்கிறார். பணியில் இருந்த காவலர் ஓடிவந்து தன் பைக் சாவியை அவர் கையில் திணித்து, "சமயோசிதமாகச் செயல்பட்டு உயிரைக் காப்பாற்றினார்" என்று போட்டிருக்கிறீர்கள். "சாவியைப் பிடித்த சில நிமிடங்களில் இளைஞர் எழுந்து உட்கார்ந்தார்" என்று அடுத்த வரி. அந்த வரிதான் எனக்குப் பொறுக்கவில்லை.

காவலரை நான் குறை சொல்லவில்லை. சுற்றி நின்றவர்கள் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது அவராவது பக்கத்தில் போய் உட்கார்ந்தாரே. என் கோபமெல்லாம் செய்தியை எழுதிய நிருபர் மேலும், அதைப் பக்கத்தில் ஏற்றியவர் மேலும், மன்னிக்க வேண்டும், உங்கள் மேலும்தான்.

நான் திண்டுக்கல்காரி. பூட்டுக்குப் பேர்போன ஊர். அப்பா மாங்காய்ப் பூட்டுச் செய்தவர். வீட்டுத் திண்ணையில் தகடு, அரம், அரைகுறைச் சாவிகள் என்று கால் வைக்க இடம் இருக்காது. இரும்புக்கு வலிப்பை நிறுத்தும் சக்தி இருந்தால் தமிழ்நாட்டிலேயே எங்கள் வீட்டுக்குள் அது நுழைந்திருக்கக் கூடாது. ஆறாம் வகுப்பு படிக்கும்போது, அந்தச் சாவிகளுக்கு நடுவில்தான் எனக்கு முதல் வலிப்பு வந்தது.

அப்புறம் அந்த இளைஞர் எப்படி எழுந்தார்? பெரும்பாலான வலிப்புகள் ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாக நின்றுவிடும். மூளையின் நரம்பு அணுக்கள் கட்டுப்பாடில்லாமல் ஒரே நேரத்தில் மின்துடிப்பைக் கிளப்புவதால் கை கால் வெட்டி இழுக்கிறது. அந்தத் துடிப்பு அடங்கினால் உடம்பும் அடங்கும். ஆள் விழுந்து, கூட்டம் கூடி, "இரும்பு இருக்கா, இரும்பு இருக்கா" என்று ஒருவர் கத்தி, இன்னொருவர் பையைத் துழாவிச் சாவியை எடுப்பதற்குள் நேரம் முடிந்திருக்கும். பேர் மட்டும் சாவிக்கு. அவர் கையில் நம் நாளிதழைச் சுருட்டிக் கொடுத்திருந்தாலும் எழுந்துதான் உட்கார்ந்திருப்பார்.

கொடுத்தால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் என் வலது உள்ளங்கையைப் பார்க்கலாம். வலிப்பின்போது கை இறுகினால் எவ்வளவு இறுகும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். சாவியின் பல் சதைக்குள் இறங்கி, தையல் போட்டு, இன்றும் கட்டைவிரலுக்குக் கீழே தழும்பு இருக்கிறது. ஊசியை அழுத்திப் பிடிக்கும்போது அந்த இடம் மரத்துப்போகும். நான் பிளவுஸ் தைத்துப் பிழைப்பவள். இன்னொரு முறை, கல்யாண வீட்டில் விழுந்தபோது, நாக்கைக் கடித்துவிடுவேன் என்று அத்தை கரண்டிக் காம்பை வாயில் நெம்பியதில் முன்பல் பாதி போனது. செருப்பை மோக்கக் கொடுத்ததைப் பற்றி நான் எழுதவில்லை. உங்களுக்கும் காலை நேரத்தில் காபி இறங்க வேண்டும்.

நம் நாளிதழ் இதை ஒரு தடவை செய்திருந்தால் விட்டிருப்பேன். "காக்காய் வலிப்பு 90 நாளில் நிரந்தர குணம்" என்று ஞாயிற்றுக்கிழமை தோறும் கால் பக்கத்துக்கு விளம்பரம் வருகிறதே, அது எந்தக் கணக்கு? மாய மருந்து விளம்பரங்களைத் தடை செய்யும் சட்டம் 1954லேயே வந்தது. எந்தெந்த நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாது என்று அதில் ஒரு பட்டியலே இருக்கிறது. வலிப்பு அதில் உண்டு. பத்திரிகை ஆசிரியரான உங்களுக்குத் தெரியாததையா நான் சொல்லப்போகிறேன்? இப்படி விற்ற பொடிகளில் ஆங்கில மருந்தையே அரைத்துக் கலந்திருந்ததைச் சோதனையில் கண்டுபிடித்ததும் உண்டு. அந்தச் செய்தியை நீங்களும் போட்டிருப்பீர்கள். விளம்பரப் பகுதிக்கு அது எட்டவில்லை போலிருக்கிறது.

எனக்கு ஏன் வந்தது என்பதற்கும் ஊரில் ஆயிரம் காரணம் சொன்னார்கள். உச்சி வேளையில் புளியமரத்தடியில் போனது, அம்மா கிரகணத்தில் வெளியே வந்தது. பிற்பாடு மதுரையில் ஸ்கேன் எடுத்தபோது மூளையில் கடுகளவு சுண்ணாம்புப் புள்ளி ஒன்று தெரிந்தது. நாடாப்புழுவின் முட்டை வயிற்றுக்குள் போய், அதிலிருந்து வரும் புழு மூளையில் தங்கிச் செத்துப்போன தடயம் என்றார் டாக்டர். பன்றிக்கறி சாப்பிடாதவர்களுக்கும் அசுத்தமான தண்ணீர், சரியாகக் கழுவாத காய்கறி வழியாக இது வருமாம். நம் நாட்டில் வலிப்புக்கு இது ஒரு முக்கியக் காரணம். புளியமரத்தை விட்டுவிட்டுக் குடிதண்ணீரைப் பற்றி எழுதியிருந்தால் எத்தனையோ பிள்ளைகள் தப்பித்திருக்கும்.

மாத்திரையில் கட்டுப்படுகிற நோய்தான் இது. உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது. முறையாகக் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் நூற்றுக்கு 70 பேர் வரை வலிப்பே வராமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த 70 பேரில் நானும் ஒருத்தி. ஆனால் மாத்திரையை நிம்மதியாகப் போடுவதற்கு எனக்கு எத்தனை வருடம் ஆனது தெரியுமா? 1996ல் கல்யாணம் ஆனபோது அம்மா என் மாத்திரைகளைச் சத்து மாத்திரை டப்பாவுக்கு மாற்றிக் கொடுத்து அனுப்பினார். மாமியார் தூங்கிய பிறகு, விளக்கைப் போடாமல் விழுங்குவேன். அவர் தூங்காத இரவுகளில் மாத்திரை கிடையாது. ஒரு நாள் அடுப்படியில் விழுந்தேன். டப்பா வெளியே வந்தது.

மாமனார் நேராக வக்கீலிடம் போனார். அப்போது சட்டமே அவர் பக்கம். 1976ல் செய்த திருத்தத்தின்படி, இந்து திருமணச் சட்டத்தில் அடிக்கடி பைத்தியம் பிடிப்பதும் அடிக்கடி வலிப்பு வருவதும் ஒரே வரியில் இருந்தன. அதைச் சொல்லித் திருமணத்தையே செல்லாது என்று அறிவிக்கக் கேட்கலாம். வலிப்பு என்ற சொல்லை அந்த வரியிலிருந்து 1999 டிசம்பரில்தான் எடுத்தார்கள். என் வீட்டுக்காரர் "மறைக்காம போடு, அது போதும்" என்று சொன்னதால் தப்பித்தேன். சட்டத்தை நம்பியிருந்தால் பிறந்த வீட்டுத் திண்ணையில் பூட்டுத் துடைத்துக்கொண்டிருந்திருப்பேன். இந்தத் திருத்தம் வந்தபோது நம் நாளிதழில் தேடித் தேடிப் பார்த்தேன். என் கண்ணில் படவில்லை.

மகள் வயிற்றில் இருந்தபோது மாத்திரையை நிறுத்தச் சொல்லாதவர்களே கிடையாது. நல்லவேளை, டாக்டர் திட்டினார். வலிப்பு மருந்துகளில் சில, முக்கியமாக வால்புரோயேட், கருவுக்கு ஆகாது. ஆனால் நீயாக நிறுத்தினால் அதைவிட ஆபத்து என்று சொல்லி, மருந்தை மாற்றி, ஃபோலிக் அமில மாத்திரையும் கொடுத்தார். வலிப்பு உள்ள கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனிப்பதற்கென்றே கேரளத்தில் 1998லிருந்து ஒரு பதிவேடு இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு நல்லபடியாகத்தான் குழந்தை பிறக்கிறது. இவ்வளவும் இருக்க, நம் மகளிர் பக்கத்துக் கேள்வி பதிலில் போன வருடம் "இந்நோய் உள்ள பெண்கள் தாய்மையைத் தவிர்ப்பது நலம்" என்று ஒருவர் உபதேசம் செய்திருந்தார். அன்றும் எழுதினேன். பிரசுரமாகவில்லை. இடமில்லாமல் இருந்திருக்கும், சரி.

அரசாங்கத்தின் கணக்கும் எனக்கு விளங்கவில்லை. 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 21 வகைகள் இருக்கின்றன. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, பார்க்கின்சன் எல்லாம் உண்டு. வேண்டியதுதான். வலிப்பு மட்டும் அதில் தனி வகையாக இல்லை. அது ஊனம் இல்லை என்கிறீர்களா, சந்தோஷம், அப்படியானால் வேலை கொடுங்கள். எங்கள் தெருப் பெண் ஒருத்தி நூற்பாலையில் ஒரே ஒரு முறை விழுந்ததற்குக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். ஓடுகிற மிஷின் பக்கத்தில் நிறுத்தக் கூடாது, ஒத்துக்கொள்கிறேன். பேக்கிங் பிரிவில் உட்கார வைத்தால் மில் மூழ்கிவிடுமா? ஜான்டி ரோட்ஸுக்கும் வலிப்பு உண்டு. 1992 உலகக் கோப்பையில் ஸ்டம்ப் மேல் பாய்ந்து இன்சமாமை ரன் அவுட் ஆக்கிய அதே ஆள்தான். அந்தப் படத்தை நம் விளையாட்டுப் பக்கத்தில் சலிக்கச் சலிக்கப் பார்த்தாயிற்று. அவருக்கு இது இருப்பதை ஒரு வரி போட்டிருந்தால், பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார மறுத்தவர்களிடம் காட்டாவிட்டாலும், இன்றைக்கு அந்த மில் சூப்பர்வைசரிடமாவது காட்டியிருப்பேன்.

சரி, நான் கேட்பது இவ்வளவுதான். காவலர் படம் வந்த அதே ஐந்தாம் பக்கத்தில், அதே அளவில் ஒரு கட்டம் போடுங்கள். அதில் கீழே உள்ளது மட்டும் இருந்தால் போதும்:

வலிப்பு வந்தவரைச் சுற்றிக் கூட்டம் போடாதீர்கள். இடிக்கக் கூடிய பொருள்களை நகர்த்துங்கள். தலைக்கு அடியில் துணியை மடித்து வையுங்கள். கை காலை அமுக்கிப் பிடிக்க வேண்டாம். கையில் சாவி வேண்டாம், வாயில் எதுவும் வேண்டாம், தண்ணீர் உட்பட. இழுப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்புவதற்குள் மறுபடி வந்தாலோ 108ஐக் கூப்பிடுங்கள். தெளியும்வரை கூடவே இருங்கள்.

இடம் போதாதென்று வழக்கம்போல் கடிதத்தைச் சுருக்குவதாக இருந்தால் மாமனார், மில், ஜான்டி ரோட்ஸ் எல்லாவற்றையும் வெட்டிக்கொள்ளுங்கள். மேலே உள்ள பத்தியில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

என் பெயரையும் முகவரியையும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். தயவுசெய்து பிரசுரிக்க வேண்டாம். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
திண்டுக்கல்