மணிமேகலையும் தேடினாள்

ஆசிரியருக்கு, இலக்கியத்தில் ஞானத் தேடல் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, 1922-இல் ஜெர்மன் மொழியில் வெளியான ஹெர்மன் ஹெஸ்ஸேயின் 'சித்தார்த்தா'வில் தொடங்கி அதிலேயே முடிந்துவிட்டது. நல்ல நாவல்தான், மறுக்கவில்லை. ஆனால் புத்தரை நேரில் கண்டும் அவரிடம் சேராமல், கடைசியில் ஆற்றங்கரையில் தெளிவு பெறுபவனின் கதை அது; கேட்டு, வாதாடி, அப்புறம் பௌத்தத்தை ஏற்றவளின் கதை தமிழிலேயே இருக்கிறதே, அதைப் பற்றி ஒரு வரி கூடவா இல்லை?

கல்லூரியில் எங்களுக்கு மணிமேகலை என்றால் அமுதசுரபி, அவ்வளவுதான். பல வருடம் கழித்து 27-ஆம் காதையைப் படித்தபோதுதான், வஞ்சி நகரில் மாதவன் (பெரும் தவசி) வடிவில் போய் ஒவ்வொரு சமயவாதியிடமும் அவள் கொள்கை கேட்பது தெரிந்தது. கண்ணால் கண்டதை மட்டுமே நம்புவேன் என்ற பூதவாதியிடம் (பூதங்களின் சேர்க்கையே எல்லாம் என்பவர்), உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய் என்று மடக்குகிறாள். அந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகளிடம் அவள் அறம் கேட்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். கடைசி நான்கு காதைகளை எளிய உரையோடு வாரம் ஒன்றாக அதே இணைப்பில் வெளியிடலாமே.