பேண்டம் (சிறு உருவக்) கோழி வளர்ப்போர் சங்கம், கொழிஞ்சாம்பாறை வட்டாரம், பாலக்காடு மாவட்டம்: ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆண்டின் தொடக்கமே சரியில்லை. 2024 ஏப்ரலில் ஆலப்புழைப் பக்கம் வாத்துகளுக்குப் பறவைக் காய்ச்சல் உறுதியானதும், வாளையார் முதலான எல்லைச் சாவடிகளில் கோழி வண்டிகளைத் திருப்பி அனுப்பினார்கள். நம் ஊருக்கும் ஆலப்புழைக்கும் நூறு கிலோமீட்டருக்கு மேல். இருந்தும் பொள்ளாச்சிக்கு ஒரு ஜோடி கொண்டுபோக வழியில்லை. போதாததற்கு வெயில் 40 டிகிரியைத் தாண்டியது. அந்த மாதம் அடை வைத்தவர்களுக்குக் கூமுட்டைதான் மிச்சம்.

செயற்குழுவின் நேரத்தை அதிகம் தின்றது நிறப் பஞ்சாயத்து. நீல ஜோடி என்று நல்ல விலை கொடுத்து வாங்கியவர், குஞ்சுகளில் கருப்பும், வெள்ளையில் கரும்புள்ளி சிதறிய தெறிப்பு நிறமும் வருவதாகப் புகார் கொடுத்தார். விற்றவரோ தன் கூண்டில் வேறு சேவலே ஏறவில்லை என்று சத்தியம் செய்தார். இருவர் சொன்னதும் உண்மைதான். நீலம் தரும் மரபணு ஒரு பங்கு இருந்தால் கருப்பு வெளுத்து நீலமாகும், இரண்டு பங்கானால் தெறிப்பு, இல்லாவிட்டால் கருப்பு. நீலத்தோடு நீலம் சேர்ந்தால் சராசரியாகப் பாதிதான் நீலம், கால் பங்கு கருப்பு, கால் பங்கு தெறிப்பு. பத்து முட்டையில் இந்தக் கணக்கு அப்படியே வந்துவிடாது, அதுவும் சண்டைக்கு ஒரு காரணம். எல்லாக் குஞ்சும் நீலமாக வேண்டுமா? கருப்பையும் தெறிப்பையும் சேருங்கள். தெறிப்புக் குஞ்சைக் கழிவு விலைக்குத் தள்ளிவிடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஆண்டலூசியன் என்ற நீலக் கோழி ரகத்தை வைத்து இங்கிலாந்தில் மரபியல் அறிஞர்கள் பேட்சனும் பன்னெட்டும் நூறாண்டுக்கு முன்பே விளக்கிய விஷயம் இது.

நீலம் போலத் தெரியும் வெளிர் சாம்பல் நிறமான லாவெண்டர் வேறு கதை. அது ஒடுங்கு நிறம், அதாவது தாய் தகப்பன் இரு பக்கமிருந்தும் மரபணு வந்தால்தான் வெளியே தெரியும். இரு பக்கமும் லாவெண்டராக இருந்தால் குஞ்சு அத்தனையும் லாவெண்டர்தான். சுத்தக் கருப்போடு சேர்த்தால் எல்லாம் கருப்பாகவே பொரிக்கும். இறகை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: நீலக் கோழியின் இறகு ஓரத்தில் பெரும்பாலும் அடர்ந்த கரை ஓடும், லாவெண்டர் ஒரே சீராக வெளிறியிருக்கும். ஜோடி வாங்கும் முன் இதையாவது பார்த்துவிடுங்கள்.

வெள்ளி நிறத்தில் வேறொரு சங்கதி. அந்த மரபணு, ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கும் குரோமோசோமில் இருக்கிறது. பெட்டைக்கு அதில் ஒன்றுதான், சேவலுக்கு இரண்டு. அதனால் வெள்ளிப் பெட்டை பொன்னிறத்தை ஒளித்து வைக்க முடியாது, சேவல் ஒளித்து வைக்கும். பொன் சேவலை வெள்ளிப் பெட்டையோடு விட்டால் ஆண் குஞ்சு வெள்ளி, பெண் குஞ்சு பொன். தூவியில் வேறு நிறம் மறைக்காத ரகமென்றால் பொரித்த அன்றே பிரித்துவிடலாம்.

ஜப்பானியக் குட்டைக்கால் ரகம் வைத்திருப்பவர்கள், முட்டை முழுதாகப் பொரிக்கவில்லை என்று மின்வெட்டையும் இன்குபேட்டரையும் திட்டிக்கொண்டிருந்தார்கள். குற்றம் அவற்றின் மேல் இல்லை: குட்டைக்காலோடு குட்டைக்கால் சேர்ந்தால் சராசரியாக நாலில் ஒரு கரு முட்டைக்குள்ளேயே சாகும். ஒரு பக்கம் நீளக்காலாக இருக்கட்டும்.

வரும் ஆண்டு முதல், காலில் வளையமும் பெற்றோர் நிறம் எழுதிய சீட்டும் இல்லாத ஜோடியைச் சங்கத்தின் வழியாக விற்க முடியாது என்று செயற்குழு முடிவு செய்துள்ளது. கூண்டை மாற்றினால் பழைய சேவலின் விந்து தீர இரண்டு மூன்று வாரம் விட்டு முட்டை சேருங்கள், இல்லாவிட்டால் சீட்டில் எழுதுவது பொய்யாகிவிடும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் டீ குடித்துவிட்டு நழுவிவிடாமல் அவரைப் பார்த்துவிட்டுப் போகவும்.

செயலாளர்