அறுகோணத்தில் காணாமற்போன ஓம்: காவடி விழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பெரியோர்களே, வணக்கம்.

மொரீஷியஸின் போர்ட் லூயிஸில் ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். இந்த ஆண்டு தைப்பூசக் காவடி அழைப்பிதழில் முருகனின் அறுகோணச் சக்கரம் நடுவில் கறுத்துப்போய், அங்கே இருக்க வேண்டிய ‘ஓம்’ இருட்டில் மூழ்கிவிட்டது. அச்சகத்தார் மையைக் கொட்டிவிட்டார்கள் என்று கூட்டத்தில் பேசினீர்களாம். மையின்மேல் பழி போடாதீர்கள்.

உங்கள் படம் போஸ்ட்ஸ்கிரிப்ட் கட்டளைகளாக எங்களிடம் வந்தது. பக்கத்தில் எதை எப்படி வரைய வேண்டும் என்று அச்சு இயந்திரத்துக்குச் சொல்ல, 1984-இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட கணினி மொழி அது. முதலில் பாதை ஒன்றை, அதாவது உருவத்தின் விளிம்பை, அமைக்க வேண்டும். பிறகு ‘ஃபில்’ என்றால் உள்ளே நிரப்பும். ‘ஸ்ட்ரோக்’ என்றால் பாதைமேல் கோடு இழுக்கும். சக்கரம் என்பது ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் இரண்டு முக்கோணங்கள்தானே? இரண்டையும் ஒரே பாதையாக்கி நிரப்பும்போது ‘ஃபில்’ அவை சுற்றும் திசையைப் பார்க்கும். ஒன்று வலமாகவும் மற்றது இடமாகவும் சுற்றினால், நடுவில் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு வெள்ளை மிஞ்சும். இரண்டும் ஒரே திசையில் சுற்றினால் நடுவும் நிரம்பிவிடும். போன ஆண்டு வரைந்தவர் எதிரெதிராகப் போட்டிருந்தார். தெரிந்தா, தற்செயலா, முருகனுக்கே வெளிச்சம். இந்த ஆண்டு புதிதாக வரைந்தவர், கோயிலை வலம்வந்த பழக்கமோ என்னவோ, இரண்டையும் வலமாகவே சுற்றிவிட்டார்.

‘ஈஓஃபில்’ என்று எழுதியிருந்தால் இந்த வம்பே இல்லை. அது திசையைப் பார்க்காது. ஓரிடத்திலிருந்து வெளியே போக எத்தனை கோடுகளைத் தாண்ட வேண்டும் என்று எண்ணும். ஒற்றைப்படை என்றால் நிரப்பும், இரட்டைப்படை என்றால் விட்டுவிடும்.

பிள்ளைகள் வண்ணம் தீட்டக் கேட்ட வேல் படத்தின் கதை வேறு. கோட்டின் தடிமன் சுழியம் என்று இருந்தது. சுழியம் என்றால் கோடே இல்லை என்று பொருளல்ல. அந்த இயந்திரத்தால் முடிந்த மிக மெல்லிய கோடு. அங்குலத்துக்கு 300 புள்ளி போடும் உங்கள் அலுவலகப் பிரிண்டரில் அது கண்ணுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் 2400 புள்ளி இயந்திரத்தில் வேல் மறைந்தே போனது. மாதிரித் தாளை உற்றுப் பார்க்காதது எங்கள் தவறு, ஒப்புக்கொள்கிறேன்.

நம் வீட்டுப் பெண்கள் கோலத்தில் கோட்டை இழுத்துவிட்டுத்தான் வண்ணப் பொடி தூவுவார்கள். இங்கே வரிசை தலைகீழ்: முதலில் நிரப்பி, பிறகுதான் கோடு இழுக்க வேண்டும். கோட்டின் பாதித் தடிமன் பாதைக்கு உள்ளே விழுவதால், பின்னால் நிரப்பினால் அந்தப் பாதி மூடிப்போகும். நிரப்பி முடித்ததும் பாதையும் அழிந்துவிடும். ஆகவே முன்கூட்டியே ‘ஜீசேவ்’ போட்டுப் பாதையைச் சேமித்து, நிரப்பியதும் ‘ஜீரெஸ்டோர்’ போட்டு மீட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்த ஆண்டு கொடியேற்றத்துக்கு ஒரு மாதம் முன்பே படம் வரைபவரை அச்சகத்துக்கு அனுப்புங்கள். தாளில் இரண்டு முக்கோணங்களையும் போட்டு, எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று பென்சிலால் அம்புக்குறி இட்டுக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அச்சகத் தொழிலாளி