மாரி சாப்பிடாத மூன்று நாள்

அன்புள்ள வசந்திக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. முட்டி ஆபரேஷன் முடிந்து, வாக்கர் இல்லாமல் வாசல்வரை நடக்கிறாய் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. உடற்பயிற்சியை மட்டும் விட்டுவிடாதே. எங்கள் அக்கா இரண்டு மாதத்தில் நிறுத்தினாள், இன்றைக்கும் அவளால் காலை முழுசாக மடக்க முடியவில்லை.

மகள் வீட்டுப் பூனைக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொல்லிவிட்டார், தினம் இரண்டு ஊசி, அவள் பயந்துபோய் இருக்கிறாள் என்று எழுதியிருந்தாய். ஊசிக்கு அவள் பயப்படவே வேண்டாம். தோலை லேசாகத் தூக்கிப் பிடித்தால் அடியில் ஒரு குழி விழும், அதில் போட வேண்டியதுதான். ஒரு வாரத்தில் கை பழகிவிடும். பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. சர்க்கரை உள்ள பூனை திடீரென்று சாப்பாட்டை நிறுத்தினால் என்ன செய்வது என்பதை அவள் இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். அது தெரியாமல்தான் போன சஷ்டியில் எங்கள் பூனை மாரியைப் பறிகொடுக்கப் பார்த்தேன். உனக்குக்கூட இதை எழுதவில்லை. எழுத உட்கார்ந்தாலே அழுகை வந்தது.

மாரிக்கு இப்போது 11 வயது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாளித் தண்ணீரை நக்கி நக்கிக் குடிக்க ஆரம்பித்தான். மணல் தட்டு எந்நேரமும் ஈரம். பின்னங்கால் குதிகால் தரையில் படும்படி தாழ்ந்து தாழ்ந்து நடந்தான். அந்த நடையைப் பார்த்ததுமே எங்கள் டாக்டரம்மா ரத்தம் எடுத்தார். சர்க்கரை நரம்பைப் பாதித்தால் பூனை அப்படி நடக்குமாம். அன்றிலிருந்து காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் இரண்டு யூனிட் கிளார்ஜின் இன்சுலின். பால்சோற்றையும் பொரி மாதிரி இருக்குமே அந்தக் காய்ந்த தீனியையும் நிறுத்தி, டப்பாவில் வருகிற ஈரத் தீனி, கூட அவித்த மீனோ கோழியோ என்று மாற்றினோம். மாமிசத்துக்கென்றே பிறந்த ஜீவன், மாவுச்சத்தை அதன் ஈரல் நம்முடையதைப் போலச் சமாளிக்காது.

நமக்கு வருகிற இரண்டாம் வகைச் சர்க்கரையில் கணையத்தில் ஒரு புரதம் படிகிறதாமே, பூனையின் கணையத்திலும் அதே மாதிரிப் படிவு உண்டு என்று டாக்டரம்மா சொன்னார். நாய்க்கு வருவது பெரும்பாலும் வேறு வகையாம். எங்கள் வீட்டுக்காரருக்கும் மாரிக்கும் ஒரே வியாதி, ஒரே ஃபிரிட்ஜ் கதவில் இரண்டு பேர் மருந்தும் என்று அன்றைக்கு எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. உன் மகள் வீட்டிலும் மாமனாருக்கு இன்சுலின் உண்டு இல்லையா, அதனால் இதைக் கட்டாயம் சொல். இவருடையது ஒரு மில்லியில் 40 யூனிட் இருக்கிற மருந்து, அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். மாரியுடையது ஒரு மில்லியில் 100 யூனிட் இருக்கிற மருந்து, ஆரஞ்சு மூடி. மாரியின் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் இரண்டு கோடு இழுத்தால் உள்ளே போவது ஐந்து யூனிட். பூனைக்கு அது உயிர் போகிற அளவு. நான் மாரியுடையதைத் தனி டப்பாவில் போட்டு, மேலே பெயர் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன்.

சரி, சஷ்டிக்கு வருகிறேன். சனிக்கிழமை, விரதம் நான்காம் நாள். நான் பாலும் பழமுமாக இருந்தேன். அந்த ஆறு நாளும் வீட்டுக்குள் மீன் வாசம் வரக்கூடாது என்று பின்பக்கத்தில் தனி அடுப்பு வைத்து அவனுக்கு மத்தி அவிப்பேன். தட்டு தரையில் படுகிற சத்தத்துக்கே ஓடி வருகிறவன் அன்று வரவில்லை. பீரோவுக்கு அடியிலிருந்து மெல்ல எழுந்து வந்தான், மீனை முகர்ந்தான், உதட்டை நக்கினான், ஒன்றுமில்லாததை விழுங்கினான், முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அந்த நக்கலும் விழுங்கலும் குமட்டலின் அடையாளம் என்று எனக்குத் தெரியாது. ஏதோ கோபம் என்று நினைத்துவிட்டேன்.

மணி ஆறு. என் கை பழக்கத்தில் சிரிஞ்சில் மருந்தை இழுத்துவிட்டது. இவர்தான் தடுத்தார். "சாப்பிடாமல் ஊசி போட்டுக்கொண்டால் எனக்கு என்ன ஆகும்? முதலில் சுகர் பார்" என்றார். காது ஓரத்தில் குத்தி ஒரு சொட்டு எடுத்தேன். 318. டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். "முழுசாகப் போடாதீர்கள், பாதி போதும். காலையிலும் சாப்பிடவில்லை என்றால் காத்திருக்காதீர்கள், எங்கேயாவது காட்டிவிடுங்கள்" என்றார். அவர் கல்யாணத்துக்கு வெளியூர் கிளம்பிக்கொண்டிருந்தார்.

காலையிலும் சாப்பிடவில்லை. வேறோர் இடத்துக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை, பூனை ஒன்றிரண்டு நாள் அப்படித்தான் இருக்கும், நாளைக்குக் கொண்டு வாருங்கள் என்றார்கள். வசந்தி, அதைக் கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது. இன்றைக்கும் மனசை அறுக்கிறது அந்த நிம்மதிதான். நானே நான்கு நாளாகச் சோறு இல்லாமல் நன்றாகத்தானே இருக்கிறேன், அவன் ஒரு நாள் இருந்தால் என்ன என்று தோன்றியது.

அந்த ஞாயிறு முழுக்க அவன் பின்னாலேயே தட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். கோழி, முட்டை மஞ்சள், பொடித்த நெத்திலிக் கருவாடு, மறுபடி மத்தி. மூக்கில் தடவினேன். ஒருமுறை சிரிஞ்சில் கரைத்து வாயில் விட்டேன், புரையேறிவிட்டது. குமட்டுகிற நேரத்தில் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டே இருந்தால் உடம்பு தேறின பிறகும் அந்தச் சாப்பாட்டைப் பூனை வெறுத்துவிடும் என்று பிறகுதான் தெரிந்தது. கொஞ்சம் சூடு காட்டி வைக்கலாம், பத்து நிமிஷத்தில் எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை விடியற்காலை அவனைத் தூக்கினேன். வாயிலிருந்து நெயில் பாலிஷ் அழிக்கிற திரவத்தின் வாசம். கழுத்து நிற்கவில்லை. மழையில் ஆட்டோ பிடித்து, ராத்திரி பகல் திறந்திருக்கும் ஒரு மருத்துவமனைக்குக் கூடையோடு ஓடினோம்.

கணையம் வீங்கியிருந்தது. சாப்பிடாததற்கு அதுதான் காரணம். சிறுநீரில் கீட்டோன், ரத்தத்தில் பொட்டாசியம் குறைவு. அங்கே இருந்த இளைய டாக்டர் பொறுமையாக விளக்கினார். சாப்பிடாத பூனைக்கு முழு இன்சுலின் போட்டால் சர்க்கரை சரிந்து வலிப்பு வரும். சரி, வேண்டாம் என்று அடியோடு நிறுத்தினால் உடம்பு கொழுப்பை எரித்து, கீட்டோன் சேர்ந்து ரத்தமே அமிலமாகிவிடும். அந்த நேரத்துச் சுகர் எண்ணைப் பார்த்து டாக்டர்தான் அளவு சொல்ல வேண்டும். பட்டினி கிடக்கும் பூனைக்கு, அதிலும் கொஞ்சம் குண்டாக இருந்துவிட்டால், உடம்புக் கொழுப்பு திரண்டு ஈரலுக்கு வரும். அதை வெளியே தள்ள அந்த ஈரலுக்குத் தெம்பு கிடையாது. சில நாளிலேயே ஈரல் கொழுப்பேறிக் கெட்டுவிடும். "நம்மைப் போல விரதம் இருக்கிற உடம்பு இல்லைம்மா அது" என்றார். நான் விரதம் என்று அவருக்குத் தெரியாது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் அந்த மருத்துவமனை ஹாலில் டிவியில் உங்கள் திருச்செந்தூர் சூரசம்ஹாரம் ஓடியது. கடற்கரை முழுக்கத் தலைகள். அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் எங்கேயோ ஒரு வீட்டில் நீ முட்டியில் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருப்பாய் என்று நினைத்தேன். வேலனிடம் எனக்கென்று எதுவும் கேட்கத் தோன்றவில்லை, இவன் ஒரு வாய் சாப்பிட்டால் போதும் என்றுதான் வேண்டினேன்.

நான்கு நாள் ட்ரிப்ஸ், பொட்டாசியம், வாந்தியை அடக்க ஊசி, வலிக்கு மருந்து, மணிக்கணக்கில் பார்த்துப் பார்த்துக் குட்டிக் குட்டியாக இன்சுலின். கீட்டோன் போனது, சாப்பாடு மட்டும் வரவில்லை. பிறகு கழுத்துப் பக்கமாக உணவுக்குழாயில் ஒரு டியூப் வைத்து அனுப்பினார்கள். பூனைக்குப் போய் இவ்வளவு செலவா என்று நாத்தனார் கேட்டாள். அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. 11 வருஷமாக என் காலடியில் தூங்குகிறவன்.

டியூப் என்றதும் நடுங்கினேன், ஆனால் அவனைக் காப்பாற்றியது அதுதான். உன் மகளிடம் எப்போதாவது அப்படிச் சொன்னால் தயங்க வேண்டாம் என்று சொல். மிக்ஸியில் நைசாக அரைத்து, வடிகட்டி, வெதுவெதுப்பாக்கி, முதலில் 5 மில்லி தண்ணீர், அப்புறம் மெல்ல மெல்லச் சாப்பாடு, கடைசியில் மறுபடி தண்ணீர். முதல் நாள் கால் பங்குதான், படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும். நாளைக்கு ஐந்து வேளை. இவருடைய பழைய வேட்டியைக் கிழித்து அவன் கழுத்துக்குச் சுற்றியிருந்தேன். பிஸ்டனை அழுத்தும்போது அவன் என் முழங்காலில் தாடையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வான். வயிறு நிரம்ப நிரம்ப அவன் மூச்சு நீளுவது என் தொடையில் தெரியும்.

பத்தொன்பதாம் நாள் காலை. அரைத்து முடித்து ஜாரைக் கழுவ வைத்துவிட்டுத் திரும்பினேன். பின்னால் ஏதோ உரசுகிற சத்தம். மாரி மேடையில் ஏறி நின்று மிக்ஸி மூடியை நக்கிக்கொண்டிருந்தான். நான் அசையவில்லை. இவரைக் கூப்பிடக்கூட வாயைத் திறக்கவில்லை. மூடி பளபளவென்று ஆகும்வரை நக்கினான்.

இப்போது அவனுக்கு ஒரு யூனிட் போதுமாக இருக்கிறது. சாப்பாடும் இன்சுலினும் ஆரம்பத்திலிருந்தே ஒழுங்காகப் போனால் சில பூனைகளுக்கு ஊசியே தேவைப்படாமல் போகும் என்று டாக்டரம்மா சொல்கிறார். உன் மகள் வீட்டுப் பூனைக்கு இப்போதுதானே தெரிந்திருக்கிறது, அதற்கு அந்த வாய்ப்பு நிறையவே உண்டு. வீட்டில் குளுக்கோமீட்டரும் கீட்டோன் பார்க்கிற ஸ்ட்ரிப்பும் இருக்கட்டும். நம் மிஷின் பூனை ரத்தத்தில் கொஞ்சம் குறைத்துக் காட்டும், டாக்டரிடம் எண்ணைச் சொல்லும்போது எந்த மிஷின் என்றும் சொல்ல வேண்டும். தேன் பாட்டில் கை எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். தள்ளாடினாலோ உடம்பு துடித்தாலோ ஈறில் தடவிக்கொண்டே கிளம்ப வேண்டும். ராத்திரியில் திறந்திருக்கும் மருத்துவமனை எது என்று இன்றைக்கே விசாரித்து வைக்கட்டும். ஒரு வேளை தட்டு அப்படியே இருந்தால் சுகர் பார்த்துவிட்டுப் போன். அடுத்த வேளையும் இருந்தால் கூடையில் வைத்துக் கிளம்பிவிட வேண்டும், ஞாயிறானாலும் சரி, தீபாவளியானாலும் சரி.

தம்பி மகன் அடுத்த புதன்கிழமை திருச்செந்தூர் வருகிறான். அரை யூனிட் கோடு போட்ட ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் ஒரு பாக்கெட் கொடுத்து அனுப்புகிறேன். மகளுடைய மருந்துப் புட்டியில் 100 என்று போட்டிருந்தால் மட்டும் அதைப் பயன்படுத்தச் சொல், 40 என்றிருந்தால் அப்படியே வைத்துவிடட்டும். பூனையின் எடை எவ்வளவு, என்ன சாப்பிடுகிறது என்று கேட்டு எழுது. மாடிப்படி ஏற ஆரம்பித்தாயா என்றும் எழுது.

அன்புடன்,
கமலா