குழாயில் தண்ணீர் இருக்கிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் ஒன்பது வருடமாகச் சென்னையில் ஆட்டோ ஓட்டும் பெண். காலை ஐந்தரைக்கு வண்டியை எடுத்தால் வீடு திரும்ப இரவு எட்டாகிவிடும். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் கூச்சப்பட்டுக் கூச்சப்பட்டே உடம்பைக் கெடுத்துக்கொண்டோம்.

போன சித்திரையில் வேளச்சேரியில் சவாரியை இறக்கிவிட்டதும் வயிறு கலக்கியது. பக்கத்திலிருந்த கட்டணக் கழிப்பறைக்கு ஓடினேன். காசு வாங்கிக்கொண்டார்கள். எல்லாம் முடிந்து குழாயைத் திருகினால் காற்றுதான் வந்தது. வாளியும் காய்ந்து கிடந்தது. என் பையில் இருந்தவை கேஸ் பங்க் ரசீதும், வண்டிக் கண்ணாடி துடைக்கும் ஈரத்தாளும்தான். ஈரத்தாளை எடுத்தேன். சீட்டில் வந்து உட்காருவதற்குள் தீப்பட்டது போல எரிச்சல். தோல் உரிந்து, நான்கு நாள் வண்டி எடுக்க முடியவில்லை.

வைத்தியம் பார்த்த டாக்டரம்மா, கண்ணாடிக்கும் தரைக்குமான ரசாயனத்தை அந்த இடத்துத் தோல் தாங்காது என்றார். பில் தாளும் வேண்டாமாம். அதன் மேல் பூசிய ரசாயனம்தான் சூட்டில் எழுத்தாகத் தெரிகிறதாம். செய்தித்தாளும் கூடாது. அச்சு மை ஒட்டும் என்பதால்தானே, அதில் பஜ்ஜி மடிக்க வேண்டாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே சொன்னது? எங்கள் ஸ்டாண்டு அண்ணன் ஒருவர் காலி மனையில் ஒதுங்கியபோது கைக்குக் கிடைத்த இலையைப் பறித்தார். அது பார்த்தீனியம். பத்து நாள் அரிப்பில் அவர் தூங்கவில்லை.

இப்போது சீட்டுக்கு அடியில் இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு டப்பாவில் அறுத்துப் போட்ட சோப்புத் துண்டுகள், ஈரம் ஒற்ற வெள்ளைப் பருத்தித் துணி வைத்திருக்கிறேன். பெண்கள் முன்னிருந்து பின்னாகத்தான் கழுவ வேண்டும், துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் மலத்திலுள்ள கிருமி சிறுநீர்ப் பாதைக்குப் போய்விடும். கையில் அழுக்கு இருந்தால் சானிடைசர் பயன்படாது, சோப்புதான். குழந்தைகளுக்கான ஈரத்தாளைப் பயன்படுத்துகிறவர்கள் தயவுசெய்து அதைக் கழிப்பறைக் கோப்பையில் போடாதீர்கள். அது கரையாது. அடைப்பெடுக்கச் சாக்கடைக் குழிக்குள் ஒரு மனிதரைத்தான் இறக்குவார்கள். அப்படி இறக்கக் கூடாது என்று 2013-ல் சட்டம் வந்த பிறகும் இறங்கிச் செத்திருக்கிறார்கள்.

என்னிடம் வண்டி இருக்கிறது, தண்ணீரைச் சுமக்கிறேன். கோயம்பேட்டில் கூடை தூக்கும் அக்கா எதில் சுமப்பார்? காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறார். மாதம் தவறாமல் நீர்க்கடுப்பு.

புதுக் கட்டடம் கட்டித் தாருங்கள் என்று கேட்கவில்லை. இருக்கிற கழிப்பறைகளின் தொட்டியை விடியற்காலை ஐந்து மணிக்குள் நிரப்பட்டும், ஒரு சோப்பு வைக்கட்டும். தண்ணீர் இல்லாத நாளில், காசு வாங்கும் முன் அதை வாசலில் எழுதிப் போடட்டும். நான் என் பாட்டிலை எடுத்துக்கொண்டு போவேன்.

பெண் ஆட்டோ ஓட்டுநர்,
வியாசர்பாடி, சென்னை - 39