இரவு பஸ்ஸுக்கும் நிதி ஒதுக்குங்கள்

தமிழ்நாடு அரசில் போக்குவரத்துக்கு நிதி ஒதுக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு வணக்கம்.

காரைக்குடியிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் இரவு டவுன் பஸ் போன வாரமும் வரவில்லை. டைம்கீப்பரிடம் கேட்டேன். "வண்டி நிக்குதும்மா, ஓட்ட ஆளில்லை. கலெக்‌ஷன் இல்லாத டிரிப்பைத்தான் முதல்ல கட் பண்ணச் சொல்றாங்க" என்றார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை.

என்னோடு நின்றவர்களில் பலகாரக் கடை அக்கா ஒருவரும் இருந்தார். காலையிலிருந்து கைமுறுக்குச் சுற்றி விரல் கன்றிப்போயிருந்தது. ஆட்டோவுக்குக் கேட்ட தொகை அவருடைய கூலியில் பாதி. நாலு பேர் சேர்ந்து கொடுத்தோம். மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டார்கள். கண்மாய்க்கரை வழியாக செல்போன் வெளிச்சத்தில் நடந்தோம். மறுநாள் அக்கா, சாயங்காலமே விட்டுவிடச் சொல்லிக் கேட்டிருக்கிறார். விட்டார்கள், கூலியைக் குறைத்துக்கொண்டு.

2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. எங்கள் தெருவில் பலர் வேலைக்குக் கிளம்பியதே அதை நம்பித்தான். அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் காலையில் ஏற்றிக்கொண்டு போகும் பஸ் இரவில் கொண்டுவந்து விட வேண்டாமா?

செட்டிநாட்டு ஊர்களில் கலெக்‌ஷன் குறைவாகத்தான் இருக்கும். பெரிய வீடுகள் பல பூட்டிக் கிடக்கின்றன. சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்கும் முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் காரில் வந்து போகிறார்கள். அந்த வீடுகளைப் பார்க்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் வருகிறார்கள், அரசும் பெருமையோடு வரவேற்கிறது. அவற்றைக் கூட்டிப் பெருக்குகிற பெண்கள் எப்படி வீடு திரும்புகிறார்கள் என்று யாராவது கேட்டதுண்டா? பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் லாபக் கணக்குப் பார்க்காத அரசு, பஸ்ஸில் மட்டும் ஏன் பார்க்கிறது?

மன்னிக்கவும், கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். 2018-இல் செய்ததுபோல் டிக்கெட் விலையை ஏற்ற வேண்டாம். வரவுக்கும் செலவுக்கும் இடையே விழும் பள்ளத்தை அரசே ஏற்க வேண்டும் என்று 2024 ஜனவரி வேலைநிறுத்தத்தில் தொழிற்சங்கங்கள் கேட்டதைத்தான் நாங்களும் கேட்கிறோம். காலியாக உள்ள டிரைவர், கண்டக்டர் இடங்களை நிரப்பப் பணம் கொடுங்கள். கிராமத்து இரவு டிரிப்பைக் கலெக்‌ஷன் பார்த்து நிறுத்தக்கூடாது என்று உத்தரவு போடுங்கள். வரும் பட்ஜெட்டிலேயே இதற்கு நிதி ஒதுக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
காரைக்குடி ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு கிராமத்துப் பெண்